லூர்து மதினியின் இரவல்

டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எங்கே குமிழி விடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணனிடமிருந்து போன் வந்தது. "மதினி போயிருச்சுடா சேசு" என்றார். "எங்க, வத்தலக்குண்டுக்கா? தங்கச்சி வீட்டுக்குப் போனா ஒங்களுக்குத்தான நிம்மதி" என்றேன். அண்ணன் அழ ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டியூப் என் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் மிதந்தது.

எரியோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் நான் ஐந்தாம் வகுப்பை முழுசாக முடிக்காதவன். முப்பதாம் நாள் பூசைக்கு வருகிற உங்களுக்குக் கொடுக்க நாலு வரி எழுது என்றார் அண்ணன். "நீ பேசுற மாதிரியே எழுது, ஆனா கொஞ்சம் மரியாதையா எழுது" என்றும் சொன்னார். எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தியிருக்கிறாள். மிச்சப் பிழையெல்லாம் என்னுடையவை.

லூர்து மதினியின் இரவல் உங்கள் எல்லோருக்கும் தெரியும். முறம், உழக்கு, ஆப்பச்சட்டி, அரிவாள்மனை என்று மதினி கேட்காத பொருள் கிடையாது. "இந்த வீட்டுல சொந்தமா வாங்குனது எங்க அண்ணன் ஒருத்தரத்தான். அதுவும் இரவலான்னு விசாரிக்கணும்" என்று நான் சொல்வேன். "ஒங்க அண்ணனத் திருப்பிக் குடுக்கலாம்னுதான் நானும் பாக்குறேன், வாங்கிக்கிற ஆள் இல்லையே கொழுந்தனாரே" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். வாங்கிய பாத்திரத்தை மதினி வெறுமையாகத் திருப்பியதில்லை. நம் பக்கத்து வழக்கம்தான். ஆனால் நாமெல்லாம் ஒரு கை சீனியோ நாலு மிளகாயோ போட்டு ஒப்பேற்றுவோம். மதினி அவித்த கடலையை வழிய வழியப் போட்டுக் கொண்டுபோவார்.

ஒரு தடவை பரணில் ஏறிச் சாமான் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். மேலே பார்த்தால் முறமே மூன்று கிடக்கிறது. உழக்கு இருக்கிறது, ஆப்பச்சட்டி இருக்கிறது. "ஏன் மதினி, கடை போடப் போறியளா? இம்புட்ட வச்சுக்கிட்டா தெருத்தெருவா கேட்டு அலையுறிய?" என்றேன். மதினி சிரிக்காமல் சொன்னார்: "சும்மா போயி எட்டிப் பாத்தா, என்ன வேவு பாக்க வந்தியான்னு கேப்பாக. முறம் கேட்டுப் போனா உள்ள வான்னு சொல்லித்தான ஆகணும். வாங்குனதத் திருப்பிக் குடுக்க இன்னொரு தடவ போலாம்ல."

எதைப் பார்க்கப் போகிறார் என்பது எனக்குப் பவித்ரா விஷயத்தில்தான் புரிந்தது. அந்தப் பிள்ளையின் உண்மையான பெயர் வேறு. வீடு எது என்று உங்களுக்குத் தெரியும், இங்கே வேண்டாம். அப்பாவும் அம்மாவும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனபோது, மூன்றாம் வகுப்புப் படித்த பிள்ளையைச் சித்தப்பா வீட்டில் விட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் பிள்ளை பள்ளிக்கூடத்துப் பக்கமே வரவில்லை. கேட்டால் "ஒடம்புக்குச் சரியில்ல" என்றாள் சித்தி.

மதினி முறம் கேட்டுப் போனார். பிள்ளை சுவரோரம் நின்றது. முறத்தோடு ஒரு தூக்குவாளியில் அவித்த கடலையும் கொண்டுபோய்க் கொடுத்தபோதும் நின்றது. சித்தி முறத்தை வைக்க உள்ளே போன செத்த நேரத்தில், "ஏன்டி தங்கம், உக்காந்து கடல திங்கலாம்ல?" என்று கேட்டிருக்கிறார். பிள்ளை மெதுவாகச் சொல்லியிருக்கிறது: "உக்காந்தா புண்ணுல துணி ஒட்டிக்கிரும் அத்தை."

தோசைக் கரண்டியைக் காய்ச்சித் தொடையில் வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் மதினியும் முதலில் செய்தார். அவர்களுடைய சொந்தக்காரப் பெரியவர்களிடம் போய்ச் சொன்னார். நாலு பேர் அந்த வீட்டுக்குப் போனார்கள். "பிள்ளைய இப்பிடியெல்லாம் பண்ணக் கூடாதும்மா" என்று சொல்லி, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தார்கள். அதன்பிறகு அந்த வீட்டில் பகலிலும் கதவு சாத்தியே இருந்தது. மதினி போனபோது சித்தி கதவைத் திறக்காமலே கத்தினாள்: "எங்க வீட்ல இனிமே எதுவும் இரவல் கெடையாது. வாசல மிதிக்காத."

அன்றைக்கு மதினி என் கடைக்கு வந்து, பழைய டயர் மேல் உட்கார்ந்தார். நான் ஏதோ கிண்டலாக ஆரம்பித்தேன். "செத்த நேரம் சும்மா இருடா" என்றார். "தப்புப் பண்ணிட்டேன் சேசு. அவுக ஆளுககிட்டயே போயிச் சொன்னேன். இப்ப புள்ளைக்கு அடி கூடிப்போயிருக்கும். நானும் உள்ள போக முடியாது." பிறகு சொன்னார்: "கடல கொண்டுபோன தூக்குவாளிய அங்கயே விட்டுட்டு வந்துருக்கேன். அவ வீம்புக்காரி. என் பாத்திரம் அவ வீட்டுல கெடக்க விடமாட்டா. அவளும் எடுத்துட்டு வரமாட்டா. புள்ளையத்தான் அனுப்புவா."

மறுநாள் காலையில் அப்படியே நடந்தது. காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்த பிள்ளை, தூக்குவாளியை நீட்டியது. உள்ளே ஒன்றுமில்லை. மதினியை அவமானப்படுத்தத்தான் சித்தி அப்படி வெறுமையாக அனுப்பினாள். "வெறும் வாளியத்தான் சித்தி குடுத்துச்சு அத்தை" என்று பிள்ளை தலையைக் குனிந்தது. "நீ வந்துருக்கேல்ல, பெறகு என்ன வெறும் வாளி?" என்று மதினி அதை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். குழந்தைகளுக்கென்று இருக்கிற உதவி எண்ணுக்குப் போன் போட்டார். அடுத்த போன் எனக்கு. "வாசல்ல வந்து நில்லு. திண்டுக்கல்லுலருந்து ஆபீசர்மாருக வர்ற வரைக்கும் யாரையும் உள்ள விடாத. சண்ட போடாத. பேசு. ஒனக்கு அது ஒண்ணுதான வரும்."

என் வாழ்நாளில் அன்றைக்குப் பேசிய மாதிரி நான் பேசியதில்லை. சித்தப்பன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"பிள்ளைய வெளிய வரச்சொல்லு."

"சாப்புட்டுக்கிட்டு இருக்கு மாப்ள. சாப்புடுற பிள்ளைய எந்திரின்னு சொல்லலாமாப்பா?"

"எங்க வீட்டுப் பிள்ளைய வச்சுக்கிற நீங்க யாரு?"

"அது கெடக்கட்டும், உன் பின் டயரப் பாத்தியா? பழனிக்குப் போயி மொட்ட போட்டது மாதிரில்ல இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பவர்களுக்கு நடுவில் ஒருத்தன் கையை ஓங்குவது கஷ்டம். அவன் அவர்களைப் பார்த்துக் கத்திய நேரத்தில் நான் குனிந்து அவன் டயரின் காற்றைப் பிடுங்கிவிட்டேன். பிள்ளையை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது அல்லவா? "காத்து எறங்கிப் போச்சே மாப்ள, கடைக்குத் தள்ளிட்டு வா, உனக்குச் சும்மாவே போட்டுத் தாரேன்" என்றேன். போலீசும் ஆபீசர்களும் வந்து இறங்கிய பிறகுதான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

பவித்ராவுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து போட்டார்கள். அம்மாவும் அப்பாவும் ஓடி வந்து, பிறகு திருப்பூருக்கே கூட்டிப் போனார்கள். இங்கே ரொம்ப நாள் சில வீடுகளில் மதினிக்கு எதுவும் கொடுக்கவில்லை, "குடும்பத்தப் பிரிச்சவ" என்று சொல்லி. "பிள்ளை முழுசா இருக்கு. குடும்பம் பெறகு ஒட்டிக்கிரும்" என்பார் மதினி. அடக்கத்துக்குப் பவித்ரா வந்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். மதினி தலைமாட்டில் சம்மணம் போட்டுக் கடைசிவரை உட்கார்ந்திருந்ததே, அந்த உயரமான பெண்தான்.

எந்த வீட்டுக்குப் போவது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று மதினியிடம் ஒரு தடவை கேட்டேன். "புள்ளைக கத்துற வீட்டுக்கு நான் எதுக்குடா? சத்தமே இல்லாத வீட்டுக்குத்தான் போகணும்" என்றார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதைத்தான்.

அடக்கம் முடிந்த வாரம், எங்கள் தெருவில் ஒரு பெரியவரின் இருமல் சில நாளாகக் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. மகன் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிறான். சாயங்காலம் அவன் வரும்வரை காத்திருந்தேன். மதினியைப் போல முறம் கேட்க எனக்கு வராது.

"அப்பாவப் பாக்கணும்ப்பா."

"எதுக்குண்ணே?"

"பாக்கணும்."

வழக்கம்போல நான் ஏதாவது கேலி பேசுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் பேசவில்லை, நகரவும் இல்லை. சாவியை எடுத்தான்.