அவர் தனியே பாடிய பாட்டு

அந்தப் பாட்டு இறுவட்டின் உறையை என் கணவர் சட்டைக் கையால் துடைத்துத்தான் ஆட்களிடம் கொடுப்பார். தவக்கால வெள்ளிக்கிழமைகளில், சிலுவைப்பாதை முடிந்து சனம் கலையும் பின்னேரத்தில், கோயில் வாசலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையை வைத்து அதன்மேல் இறுவட்டுகளை அடுக்கிவிட்டுத் தான் நின்றுகொண்டிருப்பார். கடற்காற்று மண்ணை அள்ளிவந்து உறைகளின்மேல் போடும். அவர் மறுபடி துடைப்பார். ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரையோரக் கிராமம் எங்களுடையது. கடற்றொழிலாளர் சங்கத்தில் மீன் நிறுப்பதுதான் அவருடைய வேலை. வருடத்தில் அந்தச் சில கிழமைகளுக்கு மட்டும் அவர் பாடகர்.

எங்கள் ஊரில் தவக்காலத்தில் ஒப்பாரி பாடுவார்கள். மாதா தன் இறந்த மகனை மடியில் வைத்துப் புலம்புகிற பாட்டுகள். ஆண்கள்தான் பாடுவது, தாயின் சொற்களையும் ஆண்குரலே சொல்லும். பெரிய வெள்ளியோடு நிறுத்திவிட வேண்டும். உயிர்ப்பு ஞாயிறு விடிந்தபின் அந்தப் பாட்டை வீட்டுக்குள் முணுமுணுத்தாலும் பெரியவர்கள் ஏசுவார்கள். சும்மா போகிற சாவைக் கூப்பிட்டு வீட்டில் இருத்துகிற வேலை என்பார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். ஆனாலும் அந்த விஷயத்தில் எனக்கும் பயம்தான்.

இவரும் கோயில் பாடகர் குழுவும் யாழ்ப்பாணத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தப் பாட்டுகளைப் பதிந்து இறுவட்டாக்கினார்கள். எந்தப் பாட்டுக்குப் பின் எது என்பதை இவரே தீர்மானித்தார். இயேசு இரத்த வியர்வை சிந்திய பூங்காவனத்தில் தொடங்கி, சிலுவையடிக்கு வந்து, மாதாவின் மடி, கல்லறை என்று போய், கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடும் உயிர்ப்புப் பாட்டில் முடியும். வெளிவந்த சில மாதங்களில், இணையத்தில் பாட்டு விற்கிற ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணை, இப்ப ஆர் முழுசாக் கேக்கினம்? மடியில வைச்சு அழுகிற பாட்டை மட்டும் தாங்கோ. சனம் அதைத்தான் போனில இறக்கும்."

"சங்கத்தில மீனையே நாங்கள் முழுசாத்தான் நிறுக்கிறனாங்கள். நீர் என்னெண்டா பாட்டுக்குத் தலை வேற வால் வேற வெட்டச் சொல்லுறீர்."

"தலையையும் வாலையும் ஆர் அண்ணை விரும்பித் தின்னினம்? நடுத்துண்டுக்குத்தானே அடிபடுகினம்."

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேத்தண்ணி குடித்து முடியும்வரை இரண்டு பேரும் மீன் கதையே கதைத்தார்கள். பிறகு இவர் சொன்னார்: "சனத்தை அழவைச்சுப்போட்டு அந்த இடத்திலயே விட்டிட்டு வர ஏலாது, தம்பி. கல்லறை திறக்கிற மட்டும் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகவேணும். கடைசிப் பாட்டு அதுக்குத்தான்." அந்த இளைஞன் வெறுங்கையோடு போனான்.

போன மாரியில் ஒரு காலை, நெஞ்சு நோகிறது என்றார். யாழ்ப்பாணம் கொண்டுபோகிற வழியில், அல்லைப்பிட்டி தாண்டிப் பண்ணைப் பாலத்தில், அம்புலன்சுக்குள் என் கையைப் பிடித்தபடியே போய்விட்டார். பாலத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர் அசையாமல் கிடந்ததுதான் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

கனடாவில் இருக்கிற அவருடைய தமையன் முப்பத்தோராம் நாளுக்கு வந்திருந்தபோது, பாட்டுகளை இணையத்தில் போடட்டுமா என்று கேட்டார். முழுதாகப் போட்டால் ஒருவரும் திறக்கமாட்டார்கள், தனித்தனியாகப் போடுவோம் என்றார். அவருடைய குரல் நாலு பேரிடம் போய்ச் சேரட்டும் என்று நினைத்து நான் ஓம் சொன்னேன். போய்ச் சேர்ந்தது மடிப் பாட்டு மட்டும்தான். உயிர்ப்புப் பாட்டை எங்கள் சொந்தக்காரர் தவிர வேறு யாரும் தொடவில்லை. மரண அறிவித்தல் வீடியோக்களில் மடிப் பாட்டு வந்தது. செத்தவீட்டு ஒலிபெருக்கிகளில் வந்தது. நான் அறியாத மனிதர்களின் படங்களுக்குப் பின்னால் என் கணவர் அழுதுகொண்டிருந்தார். மீன் வாங்கப் போன இடத்தில் ஒரு பெண், "ரீச்சர், உங்கட அவர் நேற்று எங்கட சித்தப்பாவுக்கு நல்லா அழுதவர்" என்றாள். நன்றி சொல்வது போலத்தான் சொன்னாள். நான் மீனை வாங்காமலே வந்துவிட்டேன்.

என் மகள் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். தகப்பன் போனபின் அவள் எங்கள் முன் அழவே இல்லை. இந்தத் தவக்காலம் முழுவதும் இறுவட்டைப் போட்டு அந்த ஒரு பாட்டையே கேட்டாள். அது முடிந்ததும் திரும்பவும் அதையே தொடக்குவாள். கடைசிப் பாட்டு வரைக்கும் கேள் பிள்ளை என்று கெஞ்சினேன். உயிர்ப்பு ஞாயிறன்று இறுவட்டை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இனி அடுத்த தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்குத்தான் என்றேன். இந்த வீட்டில் ஒரு சாவு போதும் என்பதுதான் என் எண்ணம். அவள் தலையாட்டிவிட்டுப் படிக்கப் போனாள். அதை நான் நல்லதாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மூன்று கிழமை போயிருக்கும். பொழுதுபடுகிற நேரம், பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் கத்தினார். "ரீச்சர், பிள்ளை கடல் தண்ணிக்க நிக்குது. ஓடி வாங்கோ!"

எப்படி ஓடினேன் என்று தெரியாது. எதிர்க்கரைக் காரைநகரைப் பார்த்தபடி, பாவாடை நனைய, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றாள். காதில் இயர்போன். இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தேன். அறைந்தேன், பிறகு கட்டிப்பிடித்தேன். அவள் திகைத்துப்போய்ப் பார்த்தாள்.

"என்னம்மா? வீட்டுக்க சிக்னல் இல்லை. அங்காலதான் பாட்டு நிக்காமல் ஓடும்."

"அந்தப் பாட்டு உன்னைக் கொல்லுது பிள்ளை. கடைசிப் பாட்டைக் கேள். அப்பா அதுக்காகத்தானே அதை வைச்சவர்?"

"அதில அப்பா இல்லையம்மா."

"என்ன இல்லை?"

"எல்லாரும் சேர்ந்து பாடுகினம். எது அப்பாவின்ர குரல் எண்டு எனக்குத் தெரியேல்லை. இதில மட்டும்தான் அப்பா தனிய. ரெண்டாவது அடி முடிய மூச்சு இழுப்பார், தெரியுமோ? அது பாட்டில்லை. அது அப்பா."

சிக்னலுக்கு அவ்வளவு தூரம் இறங்க வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. என்ன சொல்லிவிடுவாளோ என்று பயம்.

மறுநாள் அவளுடைய போனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், இணைப்பு நன்றாக உள்ள அலுவலக அறையில் இருந்து, மடிப் பாட்டை அதில் இறக்கினேன். முழு இறுவட்டையும் இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை. கல்லறை திறக்கிறவரை அவளைக் கூட்டிக்கொண்டு போக அவர் இல்லை; எனக்கு வழி தெரியவில்லை. அவள் கடலுக்குப் போகாமல் இருந்தால் போதும். இயர்போன் வேண்டாம், சத்தமாகவே போட்டுக் கேள் என்று போனைக் கொடுத்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் காலமல்லாத காலத்தில் ஒப்பாரி கேட்கிறது. வீதியால் போகிறவர்கள் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். பங்குச் சுவாமியாரிடமும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "உயிர்ப்பு முடிஞ்சு எவ்வளவு நாள், ரீச்சர்?" என்று பக்கத்து வீட்டு மனிசி கேட்டாள். தெரியும் என்றேன்.

குசினியில் நின்றபடி நானும் அந்த மூச்சுக்காகக் காத்திருக்கிறேன். பாட்டு ஓடும்வரை மகள் அறைக்குள் இருக்கிறாள் என்று தெரியும். பாட்டு நின்றால், அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்க்கிறேன்.