ஷூவுக்குள் வந்த வீட்டுச் சாவி

இன்று ஒடுகத்தூர் பியூட்டி பார்லரில் என் வீட்டுக்காரருக்கு பெடிக்யூர். தம்பி கல்யாணத்துக்குக் கால் பளபளவென்று இருக்க வேண்டுமாம்.

காவலூரிலிருந்து பஸ் மலை இறங்கும்போதே மகள் போன் செய்தாள். "அம்மா, சாவியக் காணோம். பக்கத்து வூட்ல உக்காந்திருக்கேன்."

வீட்டைப் பூட்டினால், வாசலில் கிடக்கும் ஷூவுக்குள் சாவியைப் போடுவது எங்கள் வழக்கம். இன்றும் போட்டேன்.

"நீ எங்கியோ தொலைச்சுட்ட!" என்று இவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி திட்டிக்கொண்டே வந்தார்.

பார்லர் அக்கா வெந்நீர்த் தொட்டியை வைத்துவிட்டு, "சுகர் இருக்குங்களா சார்? கால் மரத்துப் போவுதா?" என்று கேட்டார்.

"சுகர் இருக்குது. மரத்துப் போறதெல்லாம் கெடையாது. எறும்பு ஏறுனாகூட எனக்குத் தெரியும்" என்றார் பெருமையாக.

சொல்லிக்கொண்டே, நான் வீட்டைப் பூட்டிய பிறகு வாசலில் மாட்டிக்கொண்டு வந்த ஷூவைக் கழற்றினார். சாவி கீழே விழுந்தது.

உள்ளங்காலில் அதன் அச்சு, பல் பல்லாக.

"இன்னாங்க இது? இவ்ளோ நேரம் குத்தலையா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "எறும்பா இருந்தா தெரிஞ்சிருக்கும்."

அக்கா தொட்டியைத் தூக்கிக்கொண்டார். "மொதல்ல டாக்டர்கிட்ட காலக் காட்டிட்டு வாங்க சார். கொதிக்கிற தண்ணில வச்சாக்கூட உங்களுக்குத் தெரியாது."

இனிமேல் ஷூவைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போடுவாராம். சரி, சாவியை எங்கே வைப்பது? நல்ல இடமாக யாராவது சொல்லுங்கள்.

இவருடைய சட்டைப்பை மட்டும் வேண்டாம். கையை விட்டுப் பார்த்துவிட்டேன். அங்கே ஏற்கெனவே ஒரு மைசூர்பாகு குடியிருக்கிறது.