அலையடிக்குப் பெயர் வைத்த ரோசலின்

ரோசலின் இறந்த செய்தி வந்தபோது என் இரண்டு கைகளும் நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவின் அக்குளுக்கு அடியில் இருந்தன. வாதம் அடித்துப் படுத்திருக்கும் அந்தக் கிழவியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகிற நேரம். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவவைப் பாதியில் விட முடியாது. இருத்தி, காலுக்குப் போர்வை போட்டுவிட்டுப் போய் எடுத்தால் ரோசலினின் கணவர்.

"அக்கா, ரோசலின் போயிட்டா."

"எங்கை?" என்று கேட்டேன். மொண்டெல்லோவில் அவள் வேலை செய்த வீட்டுக்காரர் கோடையில் அவளையும் எங்காவது கூட்டிக்கொண்டு போவார்கள். அப்படித்தான் நினைத்தேன். அவர் அழுதார். அதன் பிறகுதான் விளங்கியது.

மூன்று வருடமாக நானும் அவளும் கதைப்பதில்லை. இத்தாலியில், இந்தப் பலேர்மோவில் இது தெரியாத தமிழர் இல்லை. அதனால் அவளுடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவர் கேட்டபோது, "என்னையோ?" என்று திருப்பிக் கேட்டேன். "ஓம் அக்கா. அவவைப் பற்றி ஒண்டையும் மறக்காத ஆள் நீங்கள்தானே" என்றார். அது உண்மை. பள்ளிக்கூடத்தை நான் கண்டது கொஞ்சம். எழுதியதில் எழுத்துப் பிழையை என் மகள் திருத்தினாள். விஷயத்தில் கை வைக்க விடவில்லை.

ரோசலின் மன்னார்ப் பிள்ளை. இங்கே கால்சாப் பகுதியில் இருந்தாள். நீங்கள் எல்லாரும் ஒரு தடவையாவது அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். எங்களுக்காக இத்தாலியனில் கதைக்க எத்தனையோ பேர் வருவார்கள். முழங்காலைக் காட்டி, நோகுதாம் என்று சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். ரோசலின் அப்படியில்லை. பஸ்ஸிலேயே விசாரணை தொடங்கிவிடும். "நோ எண்ட ஒரு சொல்லோடை டொக்டரிட்டைப் போகக்கூடாது. உளையுதோ, கடுக்குதோ, குத்துதோ, எரியுதோ? எப்பிடி இருக்கெண்டு சொல்லுங்கோ." அவளுக்கு அதில் ஒரு ருசி. மற்ற மனிதரின் இடுப்பு நாரியும் முழங்கையும் எப்படியெல்லாம் வலிக்கும் என்று அறிய அப்படி ஒரு ஆசை.

அந்த வருடங்களில் என் வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. சிஞ்ஞோரா அப்போதே கட்டிலோடுதான். உடம்பு பெரிது. அவவைத் தூக்க முடியாதவளுக்கு அந்த வீட்டில் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் இந்த நாட்டில் இருக்க விடுகிற பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க மாட்டார்கள். அந்தக் கடதாசி இல்லாமல், கொழும்பு லொட்ஜில் கைக்குழந்தையோடு காத்துக்கிடந்த என் மகளை இங்கே எடுப்பிக்கிற கதையே இல்லை. என் குடும்பம் முழுவதும் ஒரு தோள்மூட்டில் தொங்கியது என்று சொன்னால் மிகையில்லை.

மாதக்கணக்காகத் தனியாகப் போய்ப் பிசியோதெரபி செய்தேன். பிசியோக்காரர் மொட்டைத் தலை, நல்ல மனிதர். தோளை ஒவ்வொரு இடமாக அமத்திப் பார்ப்பார். வலிக்கிற இடத்துக்கு விரல் வந்ததும் "நோ! நோ!" என்று கத்துவேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடுவார். எனக்கு அவரில் வெறுப்பே வந்தது. கடைசியில்தான் ரோசலினைக் கூட்டிக்கொண்டு போனேன். மூலையில் நின்று பார்த்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, நீங்கள் நோ எண்டு கத்த, அந்த மனிசன் நோகேல்லை எண்டெல்லோ விளங்குது!"

"நோ எண்டால் நோதானே?"

"இஞ்சை நோ எண்டால் இல்லை, அக்கா!"

எனக்கு அது தெரியாதா? சந்தையில் ஆயிரம் தடவை சொல்கிற சொல். ஆனால் வலி உச்சத்தில் இருக்கும்போது என் வாய் யாழ்ப்பாணத்துக்குப் போய்விடுகிறது. அவள் விஷயத்தைச் சொன்னதும் பிசியோக்காரர் தன் மொட்டையில் அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் கத்தும்போதெல்லாம் "நோ தமிழோ, நோ இத்தாலியனோ?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை எடுப்பார். ரோசலின் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. அறைக்கு வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டது.

சரியான இடம் தெரிந்ததும் படம் எடுத்தார்கள். எலும்புக்குப் பக்கத்தில், தசைநாருக்குள்ளே ஒரு வெள்ளைப் புள்ளி. சுண்ணாம்பு கட்டிவிட்டதாம். இனிக் கையால் பிடித்துவிடுவதற்கும் ஒத்தடத்துக்கும் அசையாது, வெட்டவும் தேவையில்லை, புதிதாக ஒரு வைத்தியம் வந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னார். பெயர், ஒண்டே டூர்ட்டோ.

"ஒண்டே?" என்றேன். "ஒருக்கா வந்தால் போதுமாமோ?"

"அந்த ஒண்டு இல்லை, அக்கா. பொறுங்கோ" என்று அவள் டொக்டரைத் திரும்பக் கேட்டாள். சிலோன் ஆட்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்று நினைத்த அவர் "ஷொக் வேவ்" என்றார். அதில் முதல் பாதி எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகவே விளங்கியது.

"ஷொக் வைக்கப் போகினமாம்" என்றாள் ரோசலின். அவளுக்கே குரல் இறங்கிவிட்டது.

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தான்."

ஊரில் ஷொக் யாருக்கு வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். விசர் பிடித்து, சங்கிலியில் கட்டிக் கொண்டுபோன ஆட்களுக்கு. நான் சட்டையைப் போட்டுக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி வாக்குவாதப்பட்டதைப் பின் இருக்கையில் இருந்த ஒருத்தி கேட்டுக்கொண்டு வந்தா. ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் இருக்கிற சீசாப் பகுதி முழுக்கக் கதை. தேங்காய் வாங்கப் போன இடத்தில் கேட்கிறார்கள்: "அக்கா, தலைக்குள்ளை ஏதும் சத்தம் கேக்குதோ?" அந்தப் பின் இருக்கைக்காரியின் பெயரை இங்கே எழுதவில்லை. அவவும் இந்த மலரை வாசிப்பா. அவவுக்குத் தெரியும்.

நான் போகமாட்டேன் என்று இருந்துவிட்டேன். அதற்குள் சிஞ்ஞோராவின் மகள் என் கையைக் கவனிக்கத் தொடங்கிவிட்டாள். தாயைத் தூக்கும்போது கதவடியில் வந்து நின்று பார்ப்பாள். அப்படி இருந்த ஒரு நாள் ரோசலின் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"நான் வச்சுப் பாத்தன், அக்கா."

"என்னத்தை?"

"அந்த மெசினை. உள்ளங்கையிலை. பிசியோக்காரரிட்டைக் கெஞ்சிக் கேட்டன். தெரியாத ஒண்டை எப்பிடித் தமிழிலை சொல்லுறது? மெல்லிசாக் கொஞ்சம் வச்சுக் காட்டினார்."

"உனக்கென்ன விசரோ?"

"விசரருக்கு வைக்கிறது இது இல்லையெண்டுதான் சொல்ல வந்தனான். கரண்டே இல்லை. மெசினுக்கு முன்னாலை தண்ணி நிரப்பின ஒரு பை இருக்கு. மெசின் உள்ளுக்கை அடிக்க, அந்த அடி தண்ணிக்குள்ளாலை வந்து எங்கடை சதைக்குள்ளை போகுது. நான் சின்னனிலை கடலுக்குள்ளை நிக்கேக்கை, தூரத்திலை ஆரோ வெடி போட்டு மீன் பிடிச்சவங்கள். சத்தம் பெரிசாக் கேக்கேல்லை. ஆனால் தண்ணி வந்து வயித்திலை அறைஞ்சது. அதுதான், அக்கா! அதேதான்! இத்தனை வருசத்துக்குப் பிறகு பலேர்மோவிலை, உள்ளங்கைக்குள்ளை!"

அவளுக்குக் கண் இரண்டும் மின்னின. எனக்கு வைத்தியம் கிடைத்த சந்தோஷம் அது இல்லை. ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷம்.

"சரி, அப்ப அதுக்குத் தமிழிலை என்ன?"

"தண்ணியடி."

"போடி! அந்த ஆஸ்பத்திரியிலை தண்ணியடிக்கப் போறன் எண்டு சனத்துக்குச் சொல்லட்டோ? விசரி எண்ட பேர் காணாதெண்டு குடிகாரி எண்டும் எடுக்கவோ?"

இரண்டு பேரும் சிரித்தோம். அப்படிச் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி. தேநீர் குடித்து முடியும்வரை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்த்தாள். அதிர்வு என்றாள், அது சுவருக்கு என்றாள். உலுப்பல் என்றாள், அது மாமரத்துக்கு என்றாள். கடைசியில் "அலையடி" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். இன்றைக்கு நீங்கள் எல்லாரும் முழங்கைக்கும் குதிக்காலுக்கும் "அலையடிக்குப் போறன்" என்கிறீர்களே, அந்தச் சொல் சீசாவில் என் குசினி அடுப்படியில் பிறந்தது. ஆர் சொன்ன சொல் என்று தெரியாமல் பாவிக்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

போனேன். குளிர்ந்த பசையைப் பூசி, தண்ணீர்ப் பையைத் தோளில் அழுத்தினார்கள். டக், டக், டக் என்று யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி. படத்தைப் பார்த்து ஓரளவுக்குத்தான் இடம் பிடிக்கலாமாம். மிச்சத்தை நோயாளிதான் சொல்லவேண்டும். ரோசலின் என் தலைமாட்டில் குனிந்து நின்றாள்.

"இப்ப எப்பிடி?"

"சும்மா தட்டுது."

"இப்ப?"

"உளையுது."

"அது உங்கடை பழைய நோவோ, மெசினின்ரை நோவோ? உங்கடை நோவை உங்களுக்குத்தான் அடையாளம் தெரியும். முகம் பாத்துச் சொல்லுங்கோ, அக்கா."

அப்போது அது வந்தது. இரவில் என்னைப் புரளவிடாத அதே வலி. "நோ!" என்று கத்தினேன். ரோசலின் வாய் திறக்க முன்னமே பிசியோக்காரர் "தமிழ் நோ!" என்று கத்திக்கொண்டு மெசினை அந்த இடத்திலேயே நிறுத்தினார். கண்ணீர் வர வர எனக்குச் சிரிப்பும் வந்தது. அவளோ என்னை விட்டுவிட்டு, உடைந்த சுண்ணாம்பு எங்கே போகும் என்று அவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். உடம்பே மெல்ல மெல்லத் தின்றுவிடும் என்றாராம். "வெத்திலை இல்லாமலே சுண்ணாம்பு தின்னுற உடம்பு, அக்கா" என்றாள்.

அப்படி இடைவெளி விட்டுச் சில தடவைகள் போனோம். கடைசித் தடவை முடிந்ததும் பிசியோக்காரர், கொஞ்சக் காலத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது என்றார். சிஞ்ஞோராவின் வீட்டில் இதைச் சொல்லவேண்டாம் என்று ரோசலினிடம் தெளிவாகச் சொன்னேன். அவள் சொன்னாள். கிழவியின் மகள் தெருவில் அவளைக் கண்டு கேட்க, இவள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள்.

"ஆரடி உன்னைச் சொல்லச் சொன்னது?"

"தோள் எப்பிடி எண்டு கேட்டா, அக்கா. நான் பொய்யை மொழிபெயர்க்கிறேல்லை."

"என்ரை வேலை போனால்?"

"போகாது. உங்களுக்குச் சுகம் வருமட்டும் நான் வாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

அப்படியே வந்தாள். மொண்டெல்லோவுக்குப் போக முன்னம், தினமும் விடிய வந்து சிஞ்ஞோராவைத் தூக்கி இருத்தினாள். நான் அந்த வீட்டில் மரக்கறி வெட்டிக்கொண்டு பார்த்தேன். சிஞ்ஞோராவுக்கு அவளைப் பிடித்துப்போனது. கிழவியின் காலைப் பிடித்து, எப்படி இருக்கிறது என்று கேட்டால் யாருக்குத்தான் பிடிக்காது? "ரோசா, ரோசா" என்று கூப்பிட்டா. என்னை எந்த நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தக் காலம் முழுவதும் ஒவ்வொரு காலையும் இன்றைக்கு என்னை நிறுத்துவார்கள், நாளைக்கு நிறுத்துவார்கள் என்று பயந்துகொண்டே போனேன். நிறுத்தவில்லை. ரோசலின் தன் பாட்டில் விலகிப் போனாள். பெர்மெஸ்ஸோ கிடைத்தது. பிறகு மகளும் வந்தாள். ஆனால் அந்தப் பயத்தை எனக்குத் தந்தவள் அவள். அதற்குத்தான் கதைக்காமல் விட்டேன். செத்துப்போனாள் என்பதற்காக அதை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். பொய் அவளுக்குப் பிடிக்காது.

அவள் போன செய்தியைச் சிஞ்ஞோராவுக்குச் சொன்னேன். அன்று முழுக்க அழுதா. நான் செத்தால் இப்படி அழமாட்டா.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மூன்று வருடத்துக்கு முன்னம், ரோசலின் சிஞ்ஞோரா வீட்டிலிருந்து விலகிய பிறகு நான் மெல்ல மெல்லத் தூக்குகிற வேலைக்குத் திரும்பியிருந்தேன். ஒரு காலை என் வீட்டு பல்கனியில் படுக்கை விரிப்பைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே தெருவிலிருந்து அவளுடைய குரல். "அக்கா! கை மேலை நிக்குது!" அண்ணாந்து பார்த்தேன். என் வலது கை கொடிக்கு மேலே நின்றது. "நோ போகேக்கை எப்பிடி இருந்தது, அக்கா? சொல்லுங்கோ!" தெருவே பார்க்கிறது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். பிறகும் இரண்டு ஆட்கள் மூலம் அதையே கேட்டனுப்பினாள். அலையடிக்குப் புதிதாகப் போகிறவர்கள் எல்லாரும், சுகம் வந்ததை எப்படி அறிவது என்று அவளைக் கேட்பார்களாம். சுகமானவர்களோ "இப்ப சுகம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்களாம். வலி வருவதற்கு அவளிடம் அத்தனை சொல் இருந்தது. போவதற்கு ஒன்றும் இல்லை. "அவளுக்கு என்னத்துக்கு?" என்று சொல்லியனுப்பினேன்.

அவள் மொண்டெல்லோ வீட்டில், தனியாக, வேலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறாள். எப்படி இருக்கிறது என்று அவளைக் கேட்கப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு நாளும் சிஞ்ஞோராவைத் தூக்கும்போது எனக்கு அந்த நினைப்புத்தான் வருகிறது. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவள் கேட்ட அந்தக் கேள்வி. பதில் இதுதான்.

நோ வரும்போது தெரிந்தது, ரோசலின். போனது தெரியவில்லை. மழை விட்ட பிறகும் குடையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி, அது இல்லாத பிறகும் நான் அந்தக் கையை ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். நீ கீழேயிருந்து கூப்பிட்டபோதுதான் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. உளைவு இல்லை, கடுப்பு இல்லை, குத்து இல்லை. கை மட்டும் இருந்தது. இதை இத்தாலியனில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. அது உன்ரை வேலை.