பஞ்சர்க்காரருக்கு வந்த கட்டி

கட்டி வந்த இடம் நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிற மாதிரியான இடம் இல்லை. முழங்கையில் வந்திருக்கலாம், முதுகில் வந்திருக்கலாம், ஐம்பத்து மூன்று வயது உடம்பில் இடத்துக்கா பஞ்சம்? அதையெல்லாம் விட்டுவிட்டு, பஞ்சர்க்காரர் எதன்மேல் உட்கார்ந்து பிழைப்பு நடத்துகிறாரோ, அதன் இடது பாதியில் போய்க் குடியேறியது. முதல் நாள் கொசுக்கடி என்று நினைத்து விட்டுவிட்டார். மறுநாள் பட்டாணி அளவு ஆனது. மூன்றாம் நாள் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி, சிவந்து, தொட்டால் உச்சந்தலை வரை வலித்தது.

அவருடைய தொழிலோ உட்கார்ந்தே பார்க்கிற தொழில். இரண்டு சாலைகள் சேரும் முக்கில் ஒரு தகரக் கூரை, அதற்குக் கீழே ஒரு கம்ப்ரசர், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சாண் உயரத்தில் ஒரு முக்காலி. சக்கரத்தைக் கழற்றுவார், டியூபை உருவுவார், காற்றடித்துத் தண்ணீரில் அமுக்குவார், குமிழி வருகிற இடத்தில் பேனாவால் வட்டம் போடுவார், ரப்பரைத் தேய்த்து சொல்யூஷன் தடவி ஒட்டுப் போடுவார். முப்பது வருடமாக இதுதான். அவர் போட்ட ஒட்டு பிரிந்தது என்று எவனும் திரும்பி வந்ததில்லை என்பதில் மனிதருக்குத் தலைகால் தெரியாத கர்வம்.

இதில் கூத்து என்னவென்றால், கட்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்த வட்டாரத்திலேயே நன்றாகத் தெரிந்த ஆள் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். அவர் மனைவிக்குப் பக்கத்துத் தெரு கிளினிக்கில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலை. பதினெட்டு வருட அனுபவம். தெருவே அவரைக் கட்டுக்காரம்மா என்றுதான் கூப்பிடும். ஒருவர் நடந்து வருகிற விதத்தை வைத்தே எங்கே என்ன என்று சொல்லிவிடுவார். ஆனால் பஞ்சர்க்காரரால் அவரிடம் வாயைத் திறக்க முடியாது. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

நடந்தது இதுதான். ஒரு மதியம் கட்டுக்காரம்மா சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்கு வந்தபோது, ஒரு வாத்தியாருடைய ஸ்கூட்டர் டியூபைத் தொட்டியில் மூன்றாவது தடவையாகச் சுற்றிக்கொண்டிருந்தார் நம்மவர். "டியூப் நல்லாத்தான் சார் இருக்கு. யாரோ வேணும்னே காத்தைப் பிடுங்கி விட்டிருக்கான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். கட்டுக்காரம்மா லேசாகக் குனிந்து, "அதோ, உங்க கட்டை விரலுக்கு அடியில குமிழி வருதே" என்றார். வந்தது. வாத்தியார் சிரித்துத் தொலைத்தார்.

"உன் வேலையைப் பாரு. புண்ணு துடைக்கிறவளுக்கு டியூபைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டார் பஞ்சர்க்காரர், மூன்றாம் மனிதர் முன்னால்.

கட்டுக்காரம்மா கேரியரைக் கீழே வைத்தார். "சரி. இனிமே உங்ககிட்ட வாயைத் திறந்தா என்னன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் அவர் பேசுவது பாத்திரங்களோடு. "சாப்பாடு எடுத்து வச்சாச்சு" என்று வாணலியிடம் சொல்வார். "கொஞ்சம் கழிச்சுச் சாப்பிடலாம்" என்று நம்மவர் காலண்டரிடம் பதில் சொல்வார். இரண்டு பேருக்கும் வீம்பு. யார் முதலில் பேசுகிறாரோ அவர் தோற்றார் என்பது யாரும் சொல்லாமலே ஏற்பட்ட சட்டம். இந்த லட்சணத்தில், வேட்டியைத் தூக்கிக் காட்டி இதைக் கொஞ்சம் பார் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? கேட்டால் மானம் போகும், கேட்காவிட்டால் உட்கார முடியாது. சரி, உட்காராமலே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தார் அந்தப் புத்திசாலி.

முழுக்க உட்காராமல் முடியுமா? ஒரு பழைய ஸ்கூட்டர் டியூபில் பாதிக் காற்றடித்து முக்காலிமேல் போட்டு, கட்டி நடுவில் தொங்கும்படி உட்கார்ந்து பார்த்தார். சொர்க்கமாக இருந்தது. அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்து, அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார். கட்டுக்காரம்மா ஒரு தடவை பார்த்தார், வாணலியிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

கடைப்பக்கம் யார் கேட்டாலும் இடுப்புப் பிடிப்பு என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தார். அந்தப் பொய்தான் வினையாகப் போனது. ஐந்தாம் நாள் பக்கத்து லேத் பட்டறைக்காரர், நல்ல மனிதர், எண்பத்தெட்டு கிலோ, "இதெல்லாம் ஒரு நிமிஷ வேலைண்ணே" என்று சொல்லி அவரைப் பெஞ்சில் குப்புறத் தள்ளினார். "வேணாம்பா, வேணாம்பா" என்று இவர் கத்தக் கத்த, முழங்காலை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார். பஞ்சர்க்காரர் போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "விட்டுச்சா?" என்று கேட்டார் லேத்காரர். விட்டது. இடுப்பு இல்லை, கட்டி.

கடையின் தகரத் தடுப்புக்குப் பின்னால் ஓடிப்போய், ஒரு ஸ்கூட்டர் கண்ணாடியைப் பிடித்துப் பின்பக்கம் பார்த்தார். கட்டி வாய் திறந்து கசிந்துகொண்டிருந்தது. வலி பாதி குறைந்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் பிழைத்தார். சுத்தமான துணியை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மானத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் கசிவு என்று ஒன்றைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காதே. அடைக்கத்தான் தெரியும் அந்தக் கைக்கு. சுற்றிலும் துடைத்தார். ஒட்டு ஒன்றை எடுத்து, ஓரத்தைச் சீவினார். சொல்யூஷன் தடவினார், எரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். அது காய்ந்து பிசுபிசுப்பாகும் வரை பொறுமையாக நின்றார். பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே ஒட்டை வைத்து, கட்டை விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி விட்டார். துளி கசியவில்லை. இவ்வளவு கச்சிதமாக ஒட்டிவிட்டு யாரிடமும் காட்ட முடியவில்லையே என்று வருத்தம் வேறு பட்டார்.

மறுநாள் மதியத்துக்குள் உடம்பு அனலாகக் கொதித்தது. கடையைப் பாதியில் மூடிவிட்டு வீட்டுக்கு வந்து கட்டிலில் குப்புற விழுந்தார். சாப்பாட்டுக்கு வந்த கட்டுக்காரம்மா வாசலிலேயே நின்று பார்த்தார். பிறகு பையை அப்படியே போட்டுவிட்டு வந்து நெற்றியில் கை வைத்தார். வேட்டியை விலக்கினார்.

"ஏங்க, என்ன இது?"

காய்ச்சலிலும் அந்த ஆளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம், முதலில் பேசியது அவள்தான் என்று. வெட்கக்கேடு.

"ஒட்டு" என்றார்.

"என்ன ஒட்டு?"

"கசிஞ்சுது. அதான் அடைச்சேன்."

"சைக்கிள் டியூபுக்குப் போடுறதையா?"

"சேச்சே, ஸ்கூட்டருக்குப் போடுறது. சைக்கிள் ஒட்டு பத்தாது."

கட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "சர்க்கரை இருக்கிற உடம்பு. வெளியே போக வேண்டியதை உள்ளே வச்சுப் பூட்டியிருக்கீங்களே, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று கத்தியபடியே அடுப்பில் வெந்நீர் வைத்தார். ஒட்டின் ஓரத்தில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, வெந்நீர்த் துணியால் ஒற்றி ஒற்றி, நகம் படாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஒட்டு. கால் மணி நேரம் மல்லுக்கு நின்றது.

கிளினிக்கில் டாக்டர் விவரம் முழுவதையும் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியை முறையாகக் கீறிச் சுத்தம் செய்தார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்க வேண்டும் என்றார். அப்போது அவர் குரலில் சிரிப்பு இல்லை.

அதற்கப்புறம் வீடே கிளினிக் ஆனது. மாத்திரை வேளை தவறவில்லை. கட்டுக்காரம்மா சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவார், பழைய கட்டைப் பிரிப்பார், சுத்தம் செய்து புதுத் துணி வைப்பார், மறுபடி கழுவுவார். துண்டையும் வேட்டியையும் தனியாகக் கொதிக்க வைப்பார். சுற்றிலும் இறுகிக் கிடந்த சதைக்குக் காலையும் மதியமும் மாலையும் பத்து நிமிடம் இளஞ்சூட்டில் ஒத்தடம். முதல் நாள் அந்தக் கை புண்ணைத் துடைத்தபோது, வாத்தியார் முன்னால் தான் சொன்ன வார்த்தை பஞ்சர்க்காரருக்கு ஞாபகம் வந்து கூசியது. "அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று தலையணைக்குள் சொன்னார். "ஆமா, சொல்லியிருக்கக் கூடாதுதான்" என்றார் கட்டுக்காரம்மா. அந்த வழக்கு அதோடு முடிந்தது.

நான்காம் நாள் காய்ச்சல் போய்விட்டது, கொழுப்பு திரும்பி வந்துவிட்டது. குப்புறப் படுத்தபடியே, "என்ன இருந்தாலும் முதல்ல பேசினது நீதான்" என்றார்.

பதிலுக்கு ஒரு திட்டு வரும் என்று எதிர்பார்த்தார். ஆனால் ஒத்தடத் துணிதான் அப்படியே நின்றது.

"எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார் கட்டுக்காரம்மா.

"என்ன தெரியும்?"

"நீங்க டியூபைப் போட்டு உட்கார்ந்தீங்களே, அன்னைக்கே தெரியும். கட்டின்னு தெரியும், எங்கேன்னும் தெரியும். சர்க்கரை இருக்குன்னும் தெரியும். வலி தாங்காம அவரே வந்து கேட்கட்டும்னு இருந்துட்டேன். மூணு நாள். கிளினிக்குக்கு வர்ற முன்னபின்ன தெரியாத ஆளா இருந்திருந்தா, வாசல்லயே கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். கட்டின புருஷனைக் கேட்கலை."

பஞ்சர்க்காரருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. திரும்பினால் வலிக்கும். முதுகுக்குப் பின்னால் அவர் அழுவது மட்டும் கேட்டது. தன் புண் எவ்வளவு வலித்தபோதும் அவருக்கு இப்படி இருந்ததில்லை. கையைப் பின்னால் நீட்டித் துழாவி, புடவைத் தலைப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"சரி விடு. இனிமே ஏதாவது வந்தா நேரா கிளினிக்குக்கே வந்துடுறேன். முன்னபின்ன தெரியாத ஆளாட்டம் பெஞ்சில உட்கார்ந்துக்கிறேன். நீயே கூப்பிட்டுக் கேளு."

"முதல்ல உட்காருங்க, பார்க்கலாம்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கட்டுக்காரம்மா துணியை மறுபடி வெந்நீரில் முக்கினார்.