அழிக்கச் சொன்னார்கள், கோமதி அழிக்கவில்லை

கோமதியின் கணவர் சுப்பையா காலையில் போன் செய்தபோது நான் மோதி பாக் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். "உமா, போயிட்டா" என்றார். தகனம் முடிந்து வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால், தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டிக் காட்டும் பக்கம் முழுக்க அஞ்சலிகள். தில்லியின் துணிச்சலான குரல் என்று ஒருவர். ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று இன்னொருவர். அவள் உயிரோடு இருந்தபோது பெயரில்லாமல் வந்து வசைபாடியவர்களில் எத்தனை பேர் இப்போது பெயரோடு மாலை போடுகிறார்கள் என்று தெரியவில்லை. அவளை உண்மையில் தெரிந்த சிலருக்காக இதை எழுதுகிறேன்.

லோதி ரோட்டில் ஒரே அலுவலகத்தில், அடுத்தடுத்த மேஜையில் பல வருடம் இருந்தோம். நான் தஞ்சாவூர்க்காரி, அவள் அம்பாசமுத்திரத்துக்காரி. சுருக்கெழுத்தராகச் சேர்ந்து உதவியாளராக உயர்ந்தவள். சென்னைப் பத்திரிகைகளுக்கு அனுப்பிய கட்டுரைகள் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வரும். தில்லித் தமிழரைப் பற்றி யார் படிப்பார்கள் என்று ஓர் ஆசிரியர் கேட்டும் எழுதியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் இணையத்தில் தமிழில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற செய்தி எங்களை எட்டியது.

அவள் குடியிருந்த கிட்வாய் நகரில், மார்க்கெட்டுக்குள் ஒரு சைபர் கபே. முதல் கட்டுரையை அங்கேதான் ஏற்றினாள். நான் பக்கத்து நாற்காலியில். திரையில் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. கடைக்காரன் எட்டிப் பார்த்து, வைரஸ் வந்துவிட்டது என்று மின்சாரத்தையே துண்டிக்கப் போனான். "பையா, ருக்கோ" என்று அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். எழுத்துருவை இறக்கி, திரும்ப ஏற்றி, கடைசியில் அவள் பெயர் தமிழில் தெரிந்தபோது சத்தமில்லாமல் சிரித்தாள்.

"ஏளா, இது நம்ம எடம். இங்கயிருந்து ஒருத்தனும் திருப்பி அனுப்ப முடியாது" என்றாள்.

பஸ்ஸில் கேட்டது, குவார்ட்டர்ஸ் மாடியில் பார்த்தது, இந்தியில் தடுமாறும் புதுப்பெண்கள் எல்லாம் கட்டுரையாயின. டொராண்டோவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பின்னூட்டம் வரும். அவள் காலனியில் மட்டும் யாரும் படித்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். 'தண்ணி' என்ற கட்டுரை வரும்வரை.

ஜூன் மாதத்து வெயில். அலுவலகத்திலிருந்து திரும்பும்போது கோமதி, எதிர் பிளாக் மூன்றாம் மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் கத்திக்கொண்டிருப்பதைக் கேட்டாள். காவலாளி, அந்தக் கிழவிக்குப் பைத்தியம், காலையிலிருந்தே ஏதோ கத்துகிறது என்று இந்தியில் சொன்னான். அந்த அம்மாள் கத்தியது தண்ணீர் கேட்டு. தமிழில் கேட்டதால் அந்தப் பக்கம் போன யாருக்கும் புரியவில்லை. மகன் பெரிய அதிகாரி, காலனித் தமிழ்ச் சங்கத்தில் தாய்மொழி பற்றி மேடையில் கண்கலங்கப் பேசுகிறவர். குடும்பத்தோடு சிம்லா போயிருந்தார், அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு. சமையலறைக் குழாயில் தண்ணீர் வருவது நின்றுபோயிருந்தது. கோமதி ஆள் கூட்டிப் பூட்டை உடைத்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் அந்த அம்மாள் இறந்துபோனார். மாரடைப்பு என்று சங்கத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது.

கோமதி யார் பெயரையும் எழுதவில்லை. இருந்தும் எல்லோருக்கும் புரிந்தது. அதன் பிறகு காலனிப் பெண்கள் அவளைக் கண்டால் காய்கறி வண்டியை விட்டு நகர்ந்தார்கள். பெயரில்லாத அனானிப் பின்னூட்டங்களில் அவள் கணவரையும் மகனையும் இழுத்தார்கள். ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் கணினியில் எழுதுகிறாள் என்று மொட்டைக் கடுதாசி வந்தது. மெமோ கொடுத்தார்கள். விசாரணைக்கு முன்னால் பிரிவு அதிகாரி தனியே கூப்பிட்டு, அந்த ஒரு கட்டுரையை மட்டும் எடுத்துவிடு, எல்லாம் தன்னால் அடங்கிவிடும் என்று நல்லவிதமாகவே சொன்னார். நானும் அப்படித்தான் சொன்னேன். மகன் கார்த்திக் அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு.

அவள் என்னை அந்தச் சைபர் கபேக்கு அழைத்துப் போய்க் கட்டுரையின் அடியில் ஒரு பின்னூட்டத்தைக் காட்டினாள். கும்பகோணத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். அந்த அம்மாளின் மகள். தூக்கத்தில் மாரடைப்பு வந்து போனதாக அண்ணன் சொன்னான், அம்மா எப்படிச் செத்தாள் என்று உங்கள் கட்டுரையில்தான் தெரிந்துகொண்டேன், கடைசியில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தீர்களே என்று.

"இத அழிச்சா அந்தம்மா மாரடைப்புலதான் செத்தாவன்னு ஆயிரும்ளா" என்றாள் கோமதி. "நான் எழுதினது பொய்னா சொல்லட்டும், எடுத்துருதேன்."

பொய் என்று யாரும் சொல்லவில்லை. குவாஹாட்டிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தனியே போனாள். மார்பில் கட்டி இருப்பதை அங்கே யாரிடமும் சொல்லாமல், தில்லி திரும்பியதும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். திரும்பியபோது டாக்டர்கள் செய்வதற்கு அதிகம் இல்லை.

சங்கத்தில் அவளுக்கும் இரங்கல் கூட்டம் நடந்தது. தலைமை, அம்மாவைப் பூட்டிவிட்டுப் போன அந்த அதிகாரிதான். சகோதரி கோமதியின் தமிழ்த்தொண்டு என்று கால் மணி நேரம் பேசினார். அவள் எழுதியதில் ஒரு வரியைக்கூடச் சொல்லவில்லை. நான் எழுந்து 'தண்ணி'யைப் படிக்கட்டுமா என்று கேட்டேன். நேரமில்லை என்று மைக்கை நிறுத்திவிட்டு டிபனுக்கு அழைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அவள் பக்கத்தைத் திறந்தேன். அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. கார்த்திக்கைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கூட்டத்துல தலைமை தாங்கின அங்கிள் வீட்டுக்கு வந்திருந்தார், ஆன்ட்டி. எனக்கு வேலைக்குச் சொல்றேன்னார். அப்பா டிலீட் பண்ணச் சொன்னார், பண்ணிட்டேன்" என்றான். "அதுல அம்மா என்ன எழுதியிருந்தான்னு எனக்கு மாலும் நஹீ, தெரியாது. தமிழ் படிக்க வராதே" என்றான்.

அவனைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. சுப்பையாவையும் கோபிக்கவில்லை. பையனின் எதிர்காலத்துக்கு முன்னால் செத்தவளின் எழுத்து அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மற்றவர்களை மன்னிக்க எனக்கு எந்த அவசரமும் இல்லை.

அவள் கட்டுரைகள் எல்லாவற்றையும் நான் சேமித்து வைக்கவில்லை. அந்த நினைப்பே வரவில்லை, இணையத்தில் போட்டது எங்கே போகும் என்று இருந்துவிட்டேன். 'தண்ணி' ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது, கும்பகோணத்து மகளின் பின்னூட்டத்தோடு. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். இந்த அஞ்சலிக்குக் கீழே, ஒரு எழுத்தும் மாற்றாமல் அதைப் போட்டிருக்கிறேன். எனக்கும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது, மொட்டைக் கடுதாசி போட முகவரியும் எல்லோருக்கும் தெரியும். போடட்டும். நான் அழிக்கப் போவதில்லை.