சொல்ல ஆளில்லாத வலி

பள்ளத்தூரில் பேருந்தை விட்டு இறங்கிப் பள்ளிக்கு நடக்கிற வழியில், என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர் பெரிய வீடுகளின் முன்னால் நின்றுவிடுவார். அண்ணாந்து முகப்பின் சுதைப் பொம்மைகளைப் பார்ப்பார். "அந்த யானையப் பாருங்க, தும்பிக்கை ஒடைஞ்சு கெடக்கு" என்பார். பழைய வீடுகள்மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம் என்று நினைத்து நானும் கூடவே நிற்பேன். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் நின்றார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

கணவர் போய்ச் சேர்ந்தபின் காரைக்குடியில் ஒற்றை ஆளாகக் குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை. காலையில் நான் ஏறும் பேருந்தில் எனக்கும் சேர்த்து இடம் போட்டிருப்பார். வழி நெடுகப் பேசுவோம். பாடம், பிள்ளைகள், மதியச் சாப்பாடு என்று. தன்னைப் பற்றி அவர் பேசியதாக நினைவில்லை.

ஒரு நாள் முதல் பாடவேளை முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்தேன். மேசையில் கையூன்றி உட்கார்ந்திருந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தும் ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது.

"என்ன டீச்சர், இப்படி வேர்த்திருக்கீக?"

"வாய்வுதான். நீங்க வகுப்புக்குப் போங்க."

தாடையைப் பிடித்தபடியே சொன்னார். முகம் வெளுத்திருந்தது. நான் போகவில்லை. ஆட்டோவை வரவழைத்துக் காரைக்குடிக்கு அழைத்துப் போனேன்.

ஈ.சி.ஜி. தாளைப் பார்த்த டாக்டர், மதுரைக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "முன்னாடியே ஏதாச்சும் தெரிஞ்சுச்சாம்மா?"

"நடந்தா மூச்சு வாங்கும், தாடை வலிக்கும், நின்னா விட்டுரும். எடது தோள்பட்டை கனக்கும். தண்ணிக் கொடத்தத் தூக்குனா நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கும். கொஞ்ச நாளா சும்மா இருக்கையிலயே அசதி."

"இம்புட்டுத் தெரிஞ்சும் ஏன் சொல்லாம இருந்தீக?" என்றார் டாக்டர்.

"வீட்டுல யாரு இருக்கா, சொல்றதுக்கு?"

குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். தினமும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த நான் கட்டில் ஓரம் நின்றிருந்தேன்.

மதுரையில் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். அதன்பிறகு சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் எனக்குப் போன் செய்வார். அன்றைக்கு எங்கே வலித்தது, எங்கே வலிக்கவில்லை எல்லாம் சொல்வார். பிறகு என் முறை. "நல்லா இருக்கேன்" என்றால் விடமாட்டார். "அதக் கேக்கல. மாடிப்படி ஏறுனீகளா? மூச்சு வாங்குச்சா?" என்பார். இருவரும் ஓய்வு பெற்ற பின்னும் பேச்சு நிற்கவில்லை.

போன மழைக்காலத்தில் நிமோனியா வந்து இறந்துபோனார். இதயம் கடைசிவரை தாக்குப்பிடித்தது என்று டாக்டர் சொன்னார்.

என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான்.

"நல்லா இருக்கியாம்மா?"

"நல்லா இருக்கேன்ப்பா."

அதோடு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறான்.