பார்க்காத விமானம்

முன்னால் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருக்கிறது, தெரிகிறதா என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து கேட்டார்கள். ‘இன் சைட்’ என்று ரேடியோவில் சொல்லிவிட்டேன். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். நான் பார்த்திருக்கவில்லை.

பக்கத்து இருக்கையில் இருந்த பயிற்றுநர் எங்கே என்று கேட்டார். கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாகத் தெரிந்த ஒன்றைக் காட்டினேன்.

“அது கப்பல்,” என்றார்.

உடனே ரேடியோவைத் தானே எடுத்து, இன்னும் பார்க்கவில்லை என்று திருத்திச் சொன்னார். இருந்த இடத்திலேயே ஒரு வட்டம் அடிக்கச் சொன்னார்கள். ஜோகூர் நீரிணைக்கு மேல் வட்டமடித்தேன்.

அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர், தமிழ்ப் பெண். பெயர் சொல்லியே கூப்பிடுங்க என்று முதல் நாளே சொல்லியிருந்தார். எனக்கு வாய் வரவில்லை. மேடம் என்றால் அவருக்குப் பிடிக்காது. அதனால் எப்போதும் தொண்டையைச் செருமிவிட்டுப் பேச ஆரம்பிப்பேன். என்னைத் தனியாகப் பறக்க விடுவதா வேண்டாமா என்பது அவர் கையில்தான் இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போட்டிருந்தார். அன்று மறுபடியும் தள்ளிப்போட்டார். அடுத்த முறையும் தேறாவிட்டால், என்னைப் பயிற்சியில் வைத்துக்கொள்வதா என்று மேலே இருப்பவர்கள் பேசுவார்களாம்.

ஏன் பொய் சொன்னீங்க என்று தரை இறங்கியதும் கேட்டார். பொய்யா? எனக்கே புரியவில்லை. காற்றின் திசை, எரிபொருள் கணக்கு, எந்த உயரத்தில் எந்தப் பக்கம் திரும்புவது எல்லாம் மனப்பாடம். ரேடியோவில் பேசவேண்டியதைக் குளியலறையில் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என் வாய் தானாகவே ஆமாம் போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போனேன். அம்மா அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், “சாப்பிட்டியா தம்பி?” என்றார். “ஆச்சுண்ணே.” காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சொன்ன பிறகுதான் அது உறைத்தது.

வீடு இருக்கும் பூன் லேக்குப் போகும் ரயிலில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான் என்பதால், நான் குழம்பினால் அம்மாவுக்குப் பயம் வந்துவிடும். “ஆபீசருங்க கேட்டா ஆமான்னு சொல்றதுதான் மரியாதை. ஒங்கப்பா கப்பல் பட்டறையில அப்படித்தான் இத்தனை வருஷம் ஓட்டுனாரு,” என்றார். அது அப்பாவுக்குச் சரி. எனக்கு அது சரியா, தப்பா? பூன் லே வந்தும் முடிவுக்கு வர முடியவில்லை.

அடுத்த வகுப்புக்கு முன் தொண்டையைச் செருமிக்கொண்டு கடைக்காரர் கதையைப் பயிற்றுநரிடம் சொன்னேன். சிரித்தார்.

“எங்க வீட்லயும் அப்படித்தான். ஆனா டவர்ல இருக்கிறவங்க உங்களுக்குச் சோறு போடப் போறதில்ல லா. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. அதுக்கு ஏத்த மாதிரி அவங்க வேற வழி பண்ணுவாங்க.”

அன்று அவரோடு மூன்று முறை ஏறி இறங்கினேன். வேறு விமானமே வரவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. அதனால் நான் திருந்தினேனா இல்லையா என்று அவருக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரியாது. மூன்றாவது முறை இறங்கியதும் ஓரமாக நிறுத்தச் சொன்னார். கதவைத் திறந்து இறங்கினார். கோபமோ என்று பார்த்தேன்.

“ஒரே ஒரு சுத்து. நீங்க மட்டும்,” என்றார்.

அவர் எடை இல்லாமல் விமானம் சட்டென்று மேலே எழும்பியது. ஓடுபாதையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு அதற்கு இணையாகப் பறந்துகொண்டிருந்தபோது கோபுரத்தின் குரல் வந்தது. தூரத்திலிருந்து ஒரு விமானம் நேராக இறங்க வருகிறது, அதற்குப் பின்னால்தான் நீங்கள் இறங்கவேண்டும், தெரிகிறதா?

தேடினேன். தண்ணீர், மேகம், கரையில் வரிசையாக வீவக அடுக்குமாடிக் கட்டடங்கள். கீழே நின்று பயிற்றுநர் கையிலிருக்கும் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருப்பார். தெரியவில்லை என்றால், முதல் தடவையே இவனுக்குக் கண் தெரியவில்லை என்று நினைப்பாரோ? தெரிகிறது என்று சொல்ல நாக்கு தயாராகவே இருந்தது.

“தெரியவில்லை,” என்று அதற்குரிய ஆங்கிலத்தில் சொன்னேன்.

அப்படியே நேராகப் போய்க்கொண்டிருங்கள், எங்கே திரும்பவேண்டும் என்று நான் சொல்கிறேன் என்றது அந்தக் குரல். அதில் சலிப்பும் இல்லை, பாராட்டும் இல்லை. வழக்கமாகத் திரும்பும் இடத்தைத் தாண்டிப் போனேன். ஓடுபாதை எனக்குப் பின்னால் சின்னதாகிக்கொண்டே போனது. என்னை மறந்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் கட்டடங்களின் வெள்ளையிலிருந்து ஒரு வெள்ளைப் புள்ளி பிரிந்து நகர்ந்தது. அத்தனை நேரமும் நான் பார்த்துக்கொண்டிருந்த அதே இடம்தான். அது என்னைக் கடந்து போகும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தேன். பிறகுதான் ‘இன் சைட்’ என்றேன். இப்போது திரும்பலாம் என்றார்கள்.